"பழகிவிடும்" என்கிறார் முதலாளி!

சென்ற மாதம் கிளைக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் வந்திருந்தார். வயது முப்பதுகூட இராது. மணிக்கட்டைத் தூக்கி டீ கிளாசைப் பிடிக்கச் சிரமப்பட்டார். வயிற்று வலி வந்தால் இரண்டு நாள் படுத்துவிடுகிறாராம். முதலாளியிடம் சொன்னபோது கிடைத்த பதிலை அப்படியே சொல்லிக் காட்டினார்:

"பட்டறைக்குப் பின்னாடி கழிவு கொட்டுற மேட்டைப் பாருடா. அதுலகூடப் புல்லு முளைச்சிருக்கு. புல்லுக்கே பழகிப் போச்சு. உனக்குப் பழகாதா?"

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவர் சொல்றது பொய்யின்னு தெரியுது, தோழர். ஆனா புல்லு முளைச்சிருக்கிறது நிஜம்தானே? அது எப்படி?"

நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் பார்த்தேன். இந்தக் கேள்வியை எழுபது வருஷத்துக்கு முன்பே கேட்டு, மண்ணைத் தோண்டிப் பதில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டது முதலாளியின் வாயை அடைக்கக் கூடியது. ஆகவே எழுதுகிறேன்.

வேல்ஸ் நாட்டுக் கழிவு மேடுகள்

பிரிட்டனின் மேற்குப் பக்கம் வேல்ஸ். மலையும் மழையும் உள்ள நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஈயம், துத்தநாகம், செம்புச் சுரங்கங்கள் ஏராளமாக ஓடின. லாபம் வற்றியதும் சுரங்கத்தை மூடிவிட்டு முதலாளிகள் போய்விட்டார்கள். கூலிக்காரன் வேலை இழந்தான். ஊருக்கு மிஞ்சியது கழிவு மேடு. உடைத்த கல்லும் கழுவிய சேறுமாகக் குவித்துவிட்டுப் போன அந்த மேடுகளில் ஈயமும் துத்தநாகமும் மண்டிக் கிடந்தன. சுற்றிலும் பச்சைப் பசேலென்ற மேய்ச்சல் நிலம். நடுவே சுடுகாடு போல மொட்டை மேடு. மூடி அரை நூற்றாண்டு ஆகியும் பல இடங்களில் அப்படியே கிடந்தது.

ஆனால் முழு மொட்டையல்ல. அங்கங்கே திட்டுத் திட்டாகப் புல். அக்ராஸ்டிஸ் என்ற சாதாரண மேய்ச்சல் புல்தான். பக்கத்து வயலில் ஆடு மேய்கிற அதே ஜாதி.

அந்தோணி பிராட்ஷா என்ற வாலிப விஞ்ஞானிக்கு இது உறுத்தியது. கோகினன் என்ற ஊரின் பழைய ஈயச் சுரங்க மேட்டிலிருந்து புல்லைப் பிடுங்கினார். பக்கத்து மேய்ச்சல் நிலத்திலிருந்தும் அதே ஜாதிப் புல்லைப் பிடுங்கினார். இரண்டையும் சுரங்க மண்ணில் நட்டார். மேட்டுப் புல் வேர்விட்டு வளர்ந்தது. மேய்ச்சல் புல் வேர்விட முடியாமல் செத்தது. 1952-ல் இதை வெளியிட்டார்.

கவனியுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே புல். ஆனால் ஒன்று விஷத்தைத் தாங்கும், மற்றது தாங்காது. அந்தத் தாங்கும் சக்தி மேட்டில் இருந்து இருந்து வந்த பழக்கமா? அப்படியானால் நல்ல மண்ணில் கொஞ்ச காலம் வைத்தால் பழக்கம் போய்விட வேண்டும். போகவில்லை. அதன் விதையை நல்ல மண்ணில் முளைக்க வைத்தாலும் பிள்ளைப் புல்லுக்கும் அந்தச் சக்தி இருந்தது. அதாவது அது பிறவியிலேயே வந்தது. மரபணு என்று சொல்கிறோமே, அதில் எழுதியிருக்கிறது.

பழகியது யார்? செத்தது யார்?

பிறவிக் குணம் என்றால் அது எங்கிருந்து வந்தது? இங்கேதான் முதலாளியின் தத்துவம் கவிழ்கிறது.

எந்த வயற்காட்டுப் புல்லின் விதையையும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி விற்கும் சாதாரணப் புல் விதையாகவே இருக்கட்டும். அதைச் செம்பு மண்டிய மண்ணில் தூவிப் பார்த்தார்கள். முளைக்கிறது. பச்சையாகக்கூடத் தெரிகிறது. பிறகு வேர் கருகி நிற்கிறது. பிறகு சாகிறது. ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு மட்டும் சாகாமல் வேரை இறக்குகிறது. அந்த ஒன்றிரண்டும் அங்கே வந்து கற்றுக்கொண்டவையல்ல. சுரங்கத்தையே பார்த்திராத புல்லின் விதையில், முன்பே எப்படியோ அந்தக் குணத்தோடு பிறந்தவை. நல்ல மண்ணில் அந்தக் குணத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. விஷ மண்ணில் அது மட்டுமே பிரயோஜனம். மற்ற 998-ம் செத்தபின் மிஞ்சியது விதை போடுகிறது. அடுத்த தலைமுறை அதன் பிள்ளைகள். அதிலும் தாங்காதவை சாகின்றன. இப்படியே மேடு பச்சையாகிறது.

பருத்திக்காட்டில் கூலிக்குப் போகிற தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காய்ப்புழுவுக்கு மருந்து அடித்தோம். முதல் வருஷம் கொட்டிக் கிடந்தது. வருஷம் போகப் போக அதே மருந்துக்குப் புழு அசையவில்லை. புழு மருந்து குடித்துப் பழகியதா? இல்லை. சாகாத புழுக்கள் குட்டி போட்டன. அவ்வளவுதான்.

ஆகவே "புல்லுக்குப் பழகிப் போச்சு" என்ற வார்த்தையே தப்பு. எந்த ஒரு புல்லும் பழகவில்லை. ஆயிரத்தில் 998 செத்தது. அதைப் பார்க்க அங்கே யாரும் நிற்கவில்லை. முதலாளி பார்த்தது மிஞ்சியதை மட்டும். பட்டறையிலும் அவர் அப்படித்தானே பார்க்கிறார்? இருபது வருஷம் வேலை செய்தும் நடமாடுகிற ஒரு கிழவரைக் காட்டி, "இவருக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார். ஊருக்குப் போய்ப் படுத்தவர்களும், சொல்லாமல் நின்றுவிட்டவர்களும் அவர் கணக்கில் இல்லை.

இந்த இடத்தில் நம் வீட்டுக் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சூழ்நிலையை மாற்றினால் பயிர் தானே தன் பிறவிக் குணத்தை மாற்றிக்கொள்ளும், அது சந்ததிக்கும் போகும் என்று சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் போதித்தார். 1948-ல் அதுவே அரசாங்கத்தின் விஞ்ஞானமாக ஆக்கப்பட்டது. மரபணு விஞ்ஞானம் தடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, உலகெங்கும் நடந்து பயிர் விதைகளைச் சேகரித்த மாபெரும் விஞ்ஞானி வாவிலோவ் 1940-ல் கைது செய்யப்பட்டு, 1943-ல் சரட்டோவ் சிறையில் மாண்டார். உலகப் பொதுவுடைமை இயக்கத்தில் பலர் லைசென்கோவை நம்பினார்கள். காதுக்கு இனிமையான தத்துவம்தான், ஆனால் பொய். வேல்ஸ் மேட்டுப் புல் அதைப் பொய் என்கிறது. முதலாளியின் "பழகிவிடும்" என்பதும் அதே பொய்யின் இன்னொரு முகம். ஒன்றைச் சாடுகிறவன் மற்றதை மறைக்கக் கூடாது.

மின்கோபுரத்தின் கீழே

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது எனக்கே ஆச்சரியம். லிவர்பூலுக்கு அருகே பிரெஸ்காட் என்ற ஊர். அங்கே செம்பு சுத்தம் செய்யும் ஆலை. அதன் தூசு சுற்றிலும் உள்ள புல்தரைகளில் படிந்தது. பிராட்ஷாவும் கூட்டாளிகளும் 1975-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் பழைய புல்தரை, புதுப் புல்தரை என்று வயதுவாரியாகப் பார்த்தார்கள். போட்டுச் சில வருஷங்களே ஆன தரையில்கூடச் செம்பைத் தாங்கும் புல் வந்துவிட்டிருந்தது. பழைய தரையில் இன்னும் அதிகம்.

வயல் நடுவே மின்கோபுரம் நிற்கிறதே, துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசியிருப்பார்கள். மழையில் அது கரைந்து கீழே சொட்டும். அந்த நாலு கால்களுக்கு நடுவே உள்ள துண்டு மண்ணில் மட்டும் துத்தநாகத்தைத் தாங்கும் புல் உருவாகியிருப்பதை 1988-ல் கண்டு எழுதினார்கள். பல கோபுரங்களின் கீழே தனித்தனியாக அதே நாடகம் நடந்திருக்கிறது.

எல்லை எவ்வளவு கூர்மை என்றால், ட்ரூஸ்-அ-கோய்ட் என்ற வேல்ஸ் பள்ளத்தாக்கின் செம்புச் சுரங்க ஓரத்தில், காற்று வரும் பக்கம், ஒரே மீட்டருக்குள் தாங்கும் புல் முடிந்து தாங்காத புல் ஆரம்பித்துவிடுகிறது. காற்று போகும் பக்கம் மட்டும் மகரந்தமும் விதையும் அடித்துச் செல்லப்பட்டுக் கொஞ்ச தூரம் கலந்து கிடக்கிறது. ட்ரெலோகன் என்ற துத்தநாகச் சுரங்கத்தில் மேட்டுப் புல் பக்கத்து மேய்ச்சல் புல்லைவிடச் சில நாள் முந்தியே பூக்கிறது. பக்கத்து வயலின் மகரந்தம் வந்து கலந்தால், பிறக்கும் பிள்ளையில் தாங்கும் சக்தி குறையுமே! அந்தக் கலப்பு குறையும்படி பூக்கும் காலம் விலகியிருக்கிறது.

இவ்வளவு அருமையான சக்தி என்றால் எல்லாப் புல்லும் ஏன் அப்படி இல்லை? ஏனென்றால் அதற்கு விலை உண்டு. மேட்டுப் புல்லை நல்ல மண்ணில், நல்ல புல்லோடு போட்டிபோட வைத்தார்கள். தோற்றது. விஷத்தைச் சமாளிக்கிற உடம்பு நல்ல மண்ணில் நோஞ்சான். அதனால்தான் மேய்ச்சல் நிலத்தில் அது ஆயிரத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் பெருகவில்லை.

இன்னொன்று. எல்லாப் பயிருக்கும் இந்த ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. பிரெஸ்காட் ஆலையைச் சுற்றி இருந்த செடிவகைகள் எத்தனையோ. விஷத் தரையில் குடியேறியவை ஒரு சிலவே. மற்றவற்றின் விதையில் தாங்கும் குணம் கொண்ட பிறவியே கிடைக்கவில்லை. கிடைக்காத ஜாதி என்ன செய்தது? அழிந்து இடத்தைக் காலி செய்தது. விஷம் இருந்தால் ஜீவன்கள் எப்படியும் சமாளித்துக்கொள்ளும் என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மனிதன் கதை

"மனிதனுக்கும் இப்படி நடக்காதா?" என்று படித்த முதலாளி கேட்கக்கூடும். நடந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலை மேலே சான் அந்தோனியோ டி லாஸ் கோப்ரெஸ் என்ற ஊர். அந்தப் பிரதேசத்துத் தண்ணீரில் இயற்கையாகவே ஆர்சனிக் என்னும் பாஷாணம். அங்குள்ள ஜனங்களின் உடம்பு அதை மற்றவர்களைவிட நன்றாகக் கழிக்கிறது, அதற்கான மரபணு அவர்களிடம் மிகுதியாக இருக்கிறது என்று 2015-ல் ஆராய்ந்து எழுதினார்கள். ஆனால் எத்தனை காலத்தில்? ஆயிரக்கணக்கான ஆண்டுகளில். எப்படி? அந்த மரபணு இல்லாத குடும்பங்களின் குழந்தைகள் குறைவாகப் பிழைத்தால்தான் இருப்பவர்களின் பங்கு கூடும். வேறு வழியே கிடையாது. புல் வருஷா வருஷம் விதை போடும். ஆயிரம் போட்டு 998 இழந்தாலும் அதற்கு அழத் தெரியாது. நமக்கு ஒரு தலைமுறை என்பது இருபத்தைந்து வருஷம். பிள்ளைகள் இரண்டு.

ஈயம் உடம்பில் என்ன செய்கிறது? சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து உடம்பு அதை எலும்பில் சேர்த்து வைக்கிறது. அங்கே வருஷக்கணக்கில், பத்தாண்டுக் கணக்கில் கிடக்கும். நரம்பைத் தாக்கும்; மணிக்கட்டு தொங்கும்; வயிறு முறுக்கும். கர்ப்பிணியின் ரத்தம் வழியாகக் குழந்தைக்கும் போகும். குழந்தையின் மூளைக்கு அது பரம விரோதி. இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலை. நம் நாட்டில் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, டாக்டர் பார்த்தால் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் ஈய விஷம் சேர்க்கப்பட்டது. அப்போதே தெரிந்த சங்கதி இது. பட்டறையில் கொடுக்கிற வாழைப்பழமும் வெல்லமும் இதற்கு மருந்தல்ல.

வயல் வேலை செய்யும் தோழர்கள் இது பட்டறைக்காரர் பாடு என்று இருந்துவிட வேண்டாம். செடி விஷத்தைத் தாங்கிவிட்டது என்பதால் அதைத் தின்கிறவன் தப்பினான் என்று அர்த்தமில்லை.

ஜப்பானில் டோயாமா ஜில்லாவில் ஜின்சூ என்று ஒரு நதி. அதன் மேற்பகுதியில் மிட்சுயி கம்பெனியின் கமியோகா சுரங்கம். துத்தநாகத்தோடு சேர்ந்து வரும் காட்மியம் என்ற உலோகம் கழிவோடு ஆற்றில் இறங்கியது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் நெல் விளைந்தது. பயிர் நின்றது, கதிர் பிடித்தது. அரிசியைத் தின்றவர்களுக்குத்தான் வந்தது வினை. முக்கியமாகப் பிள்ளை பெற்று வயதான விவசாயப் பெண்களுக்கு. சிறுநீரகம் கெட்டு, எலும்பு மிருதுவாகி, இருமினாலே ஒடிந்தது. வலி தாங்காமல் "இதாய், இதாய்" என்று கத்தினார்கள். "வலிக்குதே, வலிக்குதே" என்று அர்த்தம். நோய்க்கு அதுவே பெயராயிற்று.

ஹகினோ நொபோரு என்ற உள்ளூர் டாக்டர் 1957-ல் இது சுரங்கத்தின் விஷம் என்று சொன்னார். லேசில் யாரும் ஏற்கவில்லை. 1968-ல் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே வருஷம் ஜப்பான் சர்க்கார் ஒப்புக்கொண்டது. 1971-ல் ஜெயித்தார்கள். கம்பெனி அப்பீல் போனது; 1972-ல் அங்கும் தோற்றது. நஷ்ட ஈடு மட்டுமல்ல. சுரங்கத்துக்குள் போய்ச் சோதிக்கும் உரிமையும் ஜனங்களுக்குக் கிடைத்தது. வயல் மண்ணை மாற்றி எடுக்கும் வேலை 2012-ல்தான் முடிந்தது. கொட்டியது எளிது. எடுக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அதே 2012-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் வேறொன்றும் செய்தார்கள். நெல்லின் வேரில் மாங்கனீசு என்ற சத்தை உள்ளே விடும் வாசல் ஒன்று இருக்கிறது. காட்மியம் அந்த வாசல் வழியாகத்தான் திருட்டுத்தனமாக நுழைகிறது. அந்த வாசலை அமைக்கும் மரபணுவில் மாற்றம் ஏற்பட்ட கோஷிஹிகாரி நெல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் அரிசியில் காட்மியம் கிட்டத்தட்ட இல்லை. விஞ்ஞானத்தை நான் குறை சொல்லவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிராட்ஷாவும் தன் புல்லை வைத்து இப்படி ஒரு நல்ல காரியம் செய்தார். சுரங்க மேடுகளில் மிஞ்சிய புல்லிலிருந்து விதை பெருக்கினார்கள். செம்பு மேட்டுக்கு "பாரிஸ்" என்ற ரகம், ஈய மேட்டுக்கு "கோகினன்", சுண்ணாம்பு கலந்த ஈய, துத்தநாக மேட்டுக்கு "மெர்லின்". இவற்றைக் கொஞ்சம் உரத்தோடு தூவினால் மொட்டை மேடு மூடிக்கொள்ளும். தூசு பறக்காது; மழையில் விஷம் கரைந்து ஆற்றுக்குப் போவது குறையும். மலிவான வேலை. ஆனால் மேட்டின் உள்ளே உலோகம் அப்படியே இருக்கிறது. புல் அதைத் தின்று தீர்க்கவில்லை. மூடுகிறது, அவ்வளவுதான். பச்சையாகிவிட்டது என்று காட்டி முதலாளி கணக்கை முடித்துக்கொள்ள விடக் கூடாது. அந்தப் புல்லை மாட்டுக்கும் ஆட்டுக்கும் அறுத்துப் போடவும் கூடாது. ஈயத்தில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்தி வைத்தாலும், இலைமேல் படிந்த தூசும் வேரோடு வரும் மண்ணும் போதும், பால் வழியாக வீட்டுக்குள் வருவதற்கு.

உலோகத்தை உண்மையிலேயே உறிஞ்சுகிற செடிகளும் உண்டு. பசிபிக் கடலில் பிரெஞ்சு ஆதிக்கத்திலுள்ள நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம். கீறினால் நீலப் பச்சையாகப் பால் வடியும். காய்ந்த பாலில் கால் பங்கு நிக்கல் என்று 1976-ல் கண்டார்கள். ஜாவாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் நிக்கல் தோண்டிய தீவு அது. மலேசியாவின் சபா மாகாணத்தில் நம் கீழாநெல்லியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி நிக்கலை உறிஞ்சுகிறது; அதைப் பயிரிட்டு உலோகம் எடுக்க முயல்கிறார்கள். நல்லது. ஆனால் இவை நிக்கல் செடிகள். ஈயத்தை இப்படி மண்ணிலிருந்து வாரி எடுத்துத் தரும் பயிர் எதையும் நம்பிப் பட்டறையை நடத்த முடியாது.

பட்டறைத் தோழர்களிடம் இதையெல்லாம் சென்ற வாரம் சொன்னேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று எல்லோருக்கும் முதலாளி செலவில் பரிசோதனை. உருக்கும் அடுப்புக்குப் புகை இழுக்கும் கூண்டு. வேலை முடிந்து குளிக்கத் தண்ணீரும் சோப்பும். வேலைத் துணியைப் பட்டறையிலேயே துவைக்க ஏற்பாடு. வேலை செய்யும் இடத்தில் சாப்பிடாமலிருக்கத் தனி அறை. பின்னால் உள்ள கழிவு மேட்டை எடுப்பது. இவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மணிக்கட்டு சரியாக நிற்காததால் அந்த வாலிபருக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. கைநாட்டு வைத்தார். எட்டாவது வரை படித்தவர் அவர்.